எந்தக் கொல்லங்கோடு? பெயர்வெளிகளின் வரலாறும் இரு மொழி எல்லையும்

கொல்லங்கோடு என்ற பெயரில் இரண்டு ஊர்கள் உள்ளன. ஒன்று பாலக்காடு மாவட்டத்தில், நெல்லியாம்பதி மலைகளின் அடிவாரத்தை ஒட்டியது. மற்றொன்று கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், கேரள எல்லையை ஒட்டியது. 1956 அக்டோபர் 31 அன்று முன்னது சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. பின்னது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் விளவங்கோடு வட்டத்தில் இருந்தது. மறுநாள், நவம்பர் 1 அன்று, மாநிலச் சீரமைப்பு நடைமுறைக்கு வந்தது. மலபாரின் கொல்லங்கோடு கேரளத்துக்குப் போயிற்று. விளவங்கோட்டின் கொல்லங்கோடு சென்னை மாநிலத்துக்கு வந்தது.

இரண்டு ஊர்களும் இருந்த இடத்திலேயே இருந்தன. இரண்டின் பெயரும் மாறவில்லை. ஆயினும் 'சென்னை மாநிலம், கொல்லங்கோடு' என்று எழுதப்பட்ட முகவரி முந்தைய நாள் ஓர் ஊரைக் குறித்தது. மறுநாள் வேறோர் ஊரைக் குறித்தது. பெயர் தனியே நின்று எதையும் குறிப்பதில்லை. அது எந்த எல்லைக்குள் சொல்லப்படுகிறது என்பதைப் பொறுத்தே பொருள் கொள்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தென்னிந்திய வரலாற்றில் அரிது.

கணினி நிரலாக்கத்தில் இவ்வுண்மைக்கு ஒரு கலைச்சொல் உண்டு: பெயர்வெளி. ஒரு பெயர் எந்த வட்டத்துக்குள் செல்லுபடியாகும் என்பதை அது வரையறுக்கிறது. அதன் உடன்பிறப்பு கூறு, அதாவது மாட்யூல். பெரிய நிரலைத் தனித்தனியே எழுதவும் மாற்றவும் இயலும் பகுதிகளாகப் பிரிப்பது கூறுகளின் பணி. இவ்விரண்டும் பொறியாளர்களின் உள்விவகாரம் போலத் தோன்றலாம். தமிழும் மலையாளமும் ஒரே அலுவலகப் பதிவேட்டில் சந்திக்கும் பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளில் இவை ஒருவரின் பெயர் ஆவணத்தில் கண்டுபிடிக்கப்படுமா, இல்லையா என்ற கேள்வியாக மாறுகின்றன.

ஊரும் வீடும் முன்னொட்டாக

பெயர்மோதலைத் தீர்க்கும் வழியைக் கணினிக்கு வெகுகாலம் முன்பே இப்பகுதி மக்கள் அறிந்திருந்தனர். தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த டி. என். சேஷனின் முழுப்பெயர் திருநெல்லாயி நாராயணன் சேஷன். திருநெல்லாயி பாலக்காட்டு ஊர், நாராயணன் தந்தை. இசையமைப்பாளர் எம். எஸ். விஸ்வநாதன் 1928இல் பாலக்காட்டின் எலப்புள்ளியில் பிறந்தவர். அவரது பெயரில் முதல் எழுத்து மனயங்கத்து என்னும் வீட்டுப்பெயரையும் இரண்டாவது எழுத்து சுப்பிரமணியன் என்னும் தந்தை பெயரையும் குறிக்கின்றன. ஒருவருக்கு ஊர் முன்னொட்டாயிற்று. மற்றவருக்கு வீடு முன்னொட்டாயிற்று. இரண்டிலும் ஒழுங்கு ஒன்றே: பெரிய வட்டம் முதலில், சிறிய வட்டம் பின்னர், இறுதியில் ஆளின் பெயர்.

ஊர்ப்பெயர்களிலும் இதே வழக்கம். தமிழில் சித்தூர் என்றால் ஆந்திரத்துச் சித்தூரும் நினைவுக்கு வரும், பாலக்காட்டுச் சித்தூரும் நினைவுக்கு வரும். அட்டப்பாடியில் ஒரு புதூர் உண்டு. தமிழ்நாட்டில் புதூர்கள் எண்ணிலடங்கா. உள்ளூரில் முன்னொட்டு தேவையில்லை. எல்லையைத் தாண்டும்போது மட்டும் 'அட்டப்பாடிப் புதூர்' என்று சொன்னால் போதும். உள்ளே சுருக்கப் பெயரும் வெளியே முழுப்பெயரும் வழங்கும் இந்த ஏற்பாடே பெயர்வெளியின் சாரம்.

ஒரே தட்டில் எல்லாப் பெயர்களும்

தொடக்ககால நிரல்மொழிகளில் இந்த வசதி இல்லை. ஃபோர்ட்ரானில் பெயர்கள் ஆறு எழுத்துகளுக்குள் அடங்க வேண்டும். 1989இல் வகுக்கப்பட்ட சி மொழித் தரம்கூட, தனித்தனிக் கோப்புகளுக்கிடையே பகிரப்படும் பெயர்களில் முதல் ஆறு எழுத்துகள் மட்டுமே வேறுபடுத்தப்படும் என்ற அளவுக்கே உறுதி அளித்தது. இருவர் எழுதிய நிரல்கள் ஒன்றிணையும்போது இருவரும் ஒரே பெயரைச் செயற்கூறுக்குச் சூட்டியிருந்தால் மோதல் உறுதி. எனவே நிரலாளர்கள் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் தம் திட்டத்தைக் குறிக்கும் இரண்டு மூன்று எழுத்துகளைத் தாமே ஒட்டிக்கொண்டனர். அது தலையெழுத்து வழக்கத்தின் இன்னொரு வடிவமே. மொழி அதைக் காக்கவில்லை. கட்டுப்பாடு மட்டுமே காத்தது.

வலைப்பின்னல்களிலும் இதே நிலை. அமெரிக்காவின் அர்ப்பாநெட்டில் இணைந்த கணினிகளின் பெயர்கள் அனைத்தும் ஒரே கோப்பில் பட்டியலிடப்பட்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் பேணப்பட்டன. கணினிகள் பெருகியதும் அந்த ஒற்றைப் பட்டியல் தாங்கவில்லை. 1983இல் பால் மோக்கபெட்ரிஸ் வடிவமைத்த களப்பெயர் முறைமை பட்டியலைப் படிநிலைகளாகப் பிரித்தது. ஒவ்வொரு களத்தின் உரிமையாளரும் தம் எல்லைக்குள் விரும்பிய பெயரைச் சூட்டலாம். மேலே இருப்பவரைக் கேட்க வேண்டியதில்லை. பின்னர் வந்த ஜாவா மொழி அந்தக் களப்பெயரையே தலைகீழாக்கி நிரல்களின் முன்னொட்டாக்கியது. பெரிய வட்டம் முதலில், சிறிய வட்டம் பின்னர் என்ற திருநெல்லாயி ஒழுங்கு அங்கும் வந்து சேர்ந்தது.

1972

இந்த வரலாற்றில் 1972 தனித்து நிற்கும் ஆண்டு. அவ்வாண்டு ஜனவரி 26 அன்று இடுக்கி மாவட்டம் உருவாயிற்று. கோட்டயம் மாவட்டத்திலிருந்து தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு வட்டங்களும் எர்ணாகுளம் மாவட்டத்திலிருந்து தொடுபுழை வட்டமும் பிரித்துச் சேர்க்கப்பட்டன. 1976இல் பைனாவுக்கு மாறும்வரை மாவட்டத் தலைமையகம் கோட்டயத்திலேயே இயங்கியது. மூணாற்றுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் முழு முகவரி, அவர் எங்கும் நகராமலேயே, மாறிப்போயிற்று.

அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று இந்திய அஞ்சல்துறை ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டை அறிமுகப்படுத்தியது. அதை வகுத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். ஒரே பெயருடைய ஊர்கள் பல இருப்பதும், முகவரிகள் பல மொழிகளில் எழுதப்படுவதும் அதன் தேவைக்கு அடிப்படைகள். முதல் இலக்கமான 6 தமிழ்நாட்டையும் கேரளத்தையும் சேர்த்தே குறிக்கிறது. பாலக்காடு நகரத்தின் எண்கள் 678 எனத் தொடங்கும், மூணாறு 685612.

அவ்வாண்டு டிசம்பரில் டேவிட் பார்னாஸ் என்னும் கணினி அறிஞர், நிரல்களைக் கூறுகளாகப் பிரிக்கும் அளவுகோல் எது என்று ஆராயும் கட்டுரையை வெளியிட்டார். அதுவரை பெரும்பாலோர், நிரல் செய்யும் வேலையின் படிகளைக் கொண்டு அதைப் பிரித்தனர்: முதலில் உள்ளீடு, அடுத்து மாற்றம், அடுத்து வரிசையாக்கம், இறுதியில் அச்சு. பார்னாஸ் வேறோர் அளவுகோலை முன்வைத்தார். எதிர்காலத்தில் மாறக்கூடிய முடிவுகள் எவை என்று முதலில் பட்டியலிட வேண்டும். அத்தகைய ஒவ்வொரு முடிவையும் ஒரு கூறுக்குள் மறைத்துவைக்க வேண்டும். வெளியே இருப்போர் அதன் உள்ளமைப்பை அறியாமலே அதனிடம் வேலை வாங்க வேண்டும். அப்போது உள்ளே மாற்றம் நேர்ந்தால் வெளியே எதுவும் உடையாது.

அஞ்சல் குறியீட்டை இந்த அளவுகோலால் அளந்து பார்க்கலாம். அந்த ஆறு இலக்கங்களில் மாநிலத்தின் பெயரோ மாவட்டத்தின் பெயரோ இல்லை. எனவே 2014இல் தெலங்கானா பிரிந்தபோது அங்கே புதிய வண்டிகளின் பதிவெண் முன்னொட்டு மாறியது. அஞ்சல் எண்கள் மாறவில்லை. மாறக்கூடிய அரசியல் எல்லையை ஒரு குறியீடு தன் பெயரிலேயே சுமந்தது, மற்றொன்று சுமக்கவில்லை. பார்னாஸ் கோரிய மறைப்பு இதுவே.

எழுத்துகளின் முகவரி

இரு மொழி எல்லையில் இக்கேள்வி மிகக் கூர்மையாக எழுந்த இடம் எழுத்துகளின் குறியேற்றம். கணினிக்கு எழுத்து என்பது ஓர் எண். எந்த எண் எந்த எழுத்து என்று முடிவு செய்வதே குறியேற்றம்.

1990களில் தமிழில் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஓர் எண் பட்டியலை வைத்திருந்தது. ஒரே எண் ஓர் எழுத்துருவில் ஓர் உயிர்மெய்யையும் மற்றோர் எழுத்துருவில் வேறொன்றையும் குறித்தது. எழுத்துரு மாறினால் கடிதம் புரியாத குறிகளின் குவியலாயிற்று. திஸ்கி என்ற பொதுக் குறியேற்றத்தைத் தமிழ் ஆர்வலர்கள் இணையவழி விவாதித்து உருவாக்கினர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்னும் தரங்கள் வந்தன. மலையாளத்திலும் எழுத்துருவுக்கு ஒரு குறியேற்றம் என்ற நிலையே நிலவியது. எல்லையில் ஒரு பதிவேட்டில் இரு மொழிகளும் வர வேண்டுமானால் ஒரே எண் இரு மொழிகளிலும் எதிரெதிர்ப் பொருள் தந்தது.

இதற்கு இந்திய அரசு முன்பே ஒரு விடை தேடியிருந்தது. 1991இல் தரமாக்கப்பட்ட இஸ்கி, பிராமியிலிருந்து கிளைத்த இந்திய எழுத்துமுறைகள் அனைத்துக்கும் ஒரே எண் வரிசையைத் தந்தது. ககரம் தேவநாகரியிலும் தமிழிலும் மலையாளத்திலும் 179தான். எந்த எழுத்துமுறையில் காட்ட வேண்டும் என்பதை இடையில் வரும் ஒரு சிறப்புக் குறி தீர்மானித்தது. சிக்கனமான ஏற்பாடு. ஆனால் அந்தக் குறி தொலைந்துபோனால், அல்லது உரையின் நடுப்பகுதி மட்டும் வெட்டி எடுக்கப்பட்டால், 179 எந்த மொழியின் ககரம் என்று சொல்ல வழியில்லை. மாநிலத்தின் பெயர் இல்லாமல் 'கொல்லங்கோடு' என்று மட்டும் எழுதிய கடிதத்தின் நிலை அது.

1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதல் பதிப்பு இஸ்கியின் உள்வரிசையை எடுத்துக்கொண்டு, எழுத்துமுறைதோறும் 128 இடங்கள் கொண்ட தனிப் பகுதியை ஒதுக்கியது. தமிழின் பகுதி 2944இல் தொடங்குகிறது. மலையாளத்தின் பகுதி 3328இல் தொடங்குகிறது. தமிழ்க் ககரம் 2965. மலையாளக் ககரம் 3349. இனி முந்தைய குறியை நினைவில் வைக்க வேண்டியதில்லை. ஒவ்வோர் எழுத்தும் தன் முழு முகவரியைத் தானே சுமந்து நிற்கிறது. ஒரே பக்கத்தில் இரு மொழிகளும் மோதாமல் நிற்க முடிந்தது அதனால்தான்.

384 என்னும் குறுக்குவழி

ஆயினும் அந்தப் பிரிவினையில் பழைய உறவின் தடம் தங்கிவிட்டது. இரு பகுதிகளும் ஒரே உள்வரிசையைப் பின்பற்றுவதால், தமிழ் எழுத்தின் எண்ணுடன் 384ஐக் கூட்டினால் பெரும்பாலும் அதற்கிணையான மலையாள எழுத்து கிடைக்கும். ககரத்துக்குக் கிடைக்கும், 2996ஆம் எண்ணில் நிற்கும் ழகரத்துக்கும் 3380இல் இணை கிடைக்கும். தமிழ்ப் பெயர்ப்பட்டியலை மலையாளத்துக்கு மாற்றும் நிரலை ஒரே கூட்டல் கணக்கில் எழுதிவிடலாம் என்ற ஆசை இங்கே பிறக்கிறது.

இடுக்கியின் சின்னாறு அந்த ஆசையின் விலையைக் காட்டும். அப்பெயரில் இருமுறை வரும் னகரத்தின் எண் 2985. 384ஐக் கூட்டினால் 3369. அந்த இடம் மலையாளப் பகுதியில் வெகுகாலம் காலியாக இருந்து, 2010இல் வெளிவந்த ஒருங்குறி 6.0இல்தான் நிரப்பப்பட்டது. அங்கே உள்ள எழுத்து மொழியியல் ஆய்வுகளுக்கு உரியது. நாள்வழக்கு மலையாளத்தில் யாரும் அதை எழுதுவதில்லை. மலையாளத்தில் நகரமும் னகரமும் ஒலியில் வேறுபட்டாலும் ஒரே எழுத்தால் எழுதப்படுகின்றன; அதன் எண் 3368. பெயரின் இறுதியிலும் இடர் உண்டு. தமிழ் 'று' என முடிக்கும் இடத்தில் மலையாளம் ரகரச் சில்லெழுத்தை எழுதுகிறது. 2008இல் ஒருங்குறி 5.1இல் சேர்ந்த அந்தச் சில்லெழுத்தின் எண் 3452. அதற்கிணையான இடம் தமிழ்ப் பகுதியில் வெறுமையாக உள்ளது.

எனவே கூட்டல் கணக்கில் பிறக்கும் 'சின்னாறு' கண்ணுக்கு ஏறக்குறைய மலையாளம் போலத் தோன்றும். மலையாளிகள் எழுதும் பெயருடன் அது பொருந்தாது. தேடினால் அகப்படாது. ஊர்ப்பெயருக்கு நேர்வது ஆள்பெயருக்கும் நேரும். னகரம் இல்லாத தமிழ் ஆண்பெயர்கள் எத்தனை? முருகன், வேலன், மணிகண்டன் என எல்லாம் னகரத்தில் முடிபவை. நில ஆவணத்தில் ஓர் எண் வரிசையிலும் குடும்ப அட்டையில் வேறோர் எண் வரிசையிலும் ஒருவர் பதிவானால் கணினிக்கு அவர் இருவர்.

தவறு எங்கே? ஒருங்குறி பெயர்வெளிகளைப் பிரித்ததில் தவறில்லை. அடுத்த கூறின் உள்ளமைப்பை அறிந்துவிட்டதால் வாசல் வழியே போகாமல் சுவரேறிக் குதித்ததில்தான் தவறு. பார்னாஸ் எச்சரித்தது இதையே. இணையான உள்வரிசை ஒரு வரலாற்றுத் தற்செயல். அது ஒலிபெயர்ப்பு உடன்படிக்கை அன்று. எல்லையைக் கடக்க வேண்டிய பெயர், இரு மொழியாரும் ஒப்பும் ஒலிபெயர்ப்பு விதிகள் என்ற வாசலின் வழியே கடக்க வேண்டும்.

கமலாவும் கனகாவும்

பார்னாஸ் தம் கட்டுரையில் எடுத்தாண்ட சான்று ஒரு சொல்லடைவு நிரல்: தலைப்புகளைச் சுழற்றி அகரவரிசையில் அடுக்குவது. வரிசையாக்கத்தை அவர் தனிக் கூறாக வைத்தார். அதன் அருமை தமிழ்ப் பதிவேட்டில் தெளிவாகும்.

தமிழ் நெடுங்கணக்கில் னகரம் கடைசி மெய். எனவே அகரவரிசையில் கமலா முன்னும் கனகா பின்னும் வர வேண்டும். ஒருங்குறி எண்களில் னகரம் 2985, மகரம் 2990. எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் நிரல் கனகாவை முன்னே வைக்கும். மலையாள மரபுக்கு அந்த வரிசை சரி. தமிழ் மரபுக்குப் பிழை. எழுத்தின் இருப்பிடம் ஒன்று, அதன் வரிசை மற்றொன்று. இதனால்தான் வரிசையாக்கத்துக்கென ஒருங்குறி அமைப்பு தனி நெறிமுறையை வைத்துள்ளது. மொழிதோறும் அதைத் திருத்தும் தரவும் உண்டு. அதைப் பயன்படுத்தாத மென்பொருளில் தமிழ்வழிப் பள்ளியின் வருகைப் பதிவேடு தமிழ் அகரவரிசையில் அமையாது.

இந்த உள்வரிசை மீதான மனக்குறை தமிழ்நாட்டில் நெடுநாள் நீடித்தது. தமிழ் எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் தனி எண் தரும் டேஸ்-16 முறை ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் அமைக்கப்பட்டது. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியுடன் அதையும் தரமாக ஏற்றது. தனிப்பயன் பகுதி யாருக்கும் உரித்தாகப் பதியப்படாத நிலம். அங்கே வேறொருவரும் அதே எண்ணை வேறு குறிக்குப் பயன்படுத்தலாம், தடுக்க எவருமில்லை. அதே 2010இல் ழ, ற, ன போன்ற தமிழ் எழுத்துகளைக் கிரந்தப் பகுதியிலும் சேர்க்க வேண்டும் என்ற முன்மொழிவு வந்தபோது தமிழகத்தில் கடும் எதிர்ப்பு எழுந்தது. 2014இல் ஒருங்குறி 7.0இல் கிரந்தம் இடம்பெற்றபோது அவ்வெழுத்துகள் அதில் இல்லை. இரு விவாதங்களின் அடியிலும் இருந்த கேள்வி ஒன்றே: ஒரு பெயர் எந்த வெளிக்கு உரியது, அதை முடிவு செய்பவர் யார்?

எல்லையில் ஒரு பதிவேடு

1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிகள் சட்டம், மாநிலத்தின் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுடன் கடிதத் தொடர்பு கொள்ள வழி செய்தது. அரசியலமைப்பின் 350அ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் வழங்க வசதி செய்யுமாறு மாநிலங்களைப் பணிக்கிறது. கொழிஞ்சாம்பாறையிலும் மூணாற்றிலும் மறையூரிலும் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்கு இவ்வுரிமைகள் தாளில் உள்ளன. இன்று பதிவேடு தாளில் இல்லை. சட்டம் தந்ததை ஒரு தரவுத்தளத்தின் அமைப்பு அறியாமலே பறித்துவிடலாம்.

அதைத் தடுக்கும் அமைப்பு புதுமையானதும் அன்று, கடினமானதும் அன்று. தமிழ்ப் பெயரும் மலையாளப் பெயரும் தனித்தனிக் கட்டங்களில், மொழி குறிக்கப்பட்டு நிற்க வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கணக்கிட்டுத் திணிக்காமல் பெயருக்குரியவர் ஒப்பிய வடிவமே பதிவாக வேண்டும். வரிசையாக்கம் அந்தந்த மொழியின் விதிப்படி நடக்க வேண்டும். ஊருக்குப் பெயருடன், மாவட்ட எல்லை மாறினாலும் மாறாத எண்ணும் வேண்டும். ஆளை அடையாளம் காட்டும் எண் ஒன்றாகவும் அவரது பெயர் வடிவங்கள் பலவாகவும் இருக்கலாம்.

1956இல் இரு கொல்லங்கோடுகளும் ஒரே இரவில் மாநிலம் மாறின. முகவரியில் மாநிலப் பெயரைத் திருத்தி எழுதியவர்களுக்குக் கடிதம் போய்ச் சேர்ந்திருக்கும். பெயர் தெரிந்தால் போதும் என்று நம்பியவர்களின் கடிதம் வேறு ஊருக்குப் போயிருக்கும்.